அதுக்கு முன்னாடி?

“போன மாசம் தீனி எடுக்கல டாக்டரம்மா.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி நல்லாதான் இருந்துது.”

“அந்த நல்லாதானுக்கு முன்னாடி?”

கேட்டுக்கொண்டே பசுவின் கழுத்து நரம்பை விரலால் தேடுகிறார் தேவகி. ரத்தம் குழாயில் ஏறுவதற்குள் மாட்டுக்காரர் தன் கல்யாணத்தைத் தாண்டி, அப்பா காலத்துக்கே போய்விடுகிறார். தடுத்து நிறுத்துகிற வழக்கம் டாக்டரம்மாவிடம் இல்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்.

முப்பத்திரண்டு வயது. உத்திரமேரூர்ப் பக்கம் ஆறு வருடம் மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டவர். இப்போது விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னையில் மேற்படிப்பு படிக்கிறார். நோய் எங்கே கிளம்பியது, எதன்மேல் ஏறியது, எந்த வழியாக ஊருக்குள் நுழைந்தது என்று துப்பறிகிற படிப்பு. போலீஸ்காரர்களுக்கும் இதே வேலைதான் என்றாலும் அவர்களுடைய சாட்சிகளுக்குப் பேச வரும்.

இந்தப் பெரும்பணிக்கான தளவாடங்கள் எல்லாம் ஒரு மொபெட்டில் அடங்கிவிடும். ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்க், கண்ணாடிக் குழாய்கள், குளியலறைச் சுவரில் பதிக்கிற வெள்ளை டைல்ஸ் ஒன்று. கூடவே, தோள்வரை ஏறும் ரப்பர் கையுறை ஒரே ஒரு ஜோடி. கல்லூரியில் நாலு பேரிடம் கெஞ்சி வாங்கியது. விளையாட்டுக்குத் தொட்டால், வீட்டில் செல்லமான அண்ணன் மகனுக்கும் திட்டு விழும். கழுவி, பவுடர் தூவி, ஹேண்டில்பாரில் கட்டிவிடுவார். வண்டி ஓட ஓட அவை காற்றில் உப்பி, வழிநெடுக ஊர்களை ஆசீர்வதித்துக்கொண்டே போகும்.

எந்த வீட்டு மாட்டைச் சோதிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார். இதனால் அரிசி மில் முதலாளியின் மனம் புண்பட்டது.

“எங்க வூட்டு மாட்டுக்கு இன்னாம்மா கொறச்சல்?”

“உங்க நம்பர் வரலைங்க.”

“வர வெய்யி.”

“வெச்சா என் படிப்பு பொய்யாயிடும்.”

மில்லுக்கும் கால்நடை விஞ்ஞானத்துக்கும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

போன தை மாதம் சீட்டு காவாந்தண்டலத்துத் தாண்டவராயன் வீட்டுக்கு விழுந்தது. எட்டுப் பசு. ஆறு மாதத்தில் மூன்றுக்குச் சினை கலைந்திருந்தது. காரணத்தை அவர் எந்தப் பட்டமும் வாங்காமல் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார். பதினோரு வருடமாக மாட்டுக் கொட்டகை பார்த்த செங்கேணிதான் காரணம். வேலையை விட்டு நிறுத்தினார். சேதி ஊரெல்லாம் போனதில் வேறு எந்தக் கொட்டகையிலும் அவளைச் சேர்க்கவில்லை. டாக்டரம்மா வந்திருப்பது தெரிந்து வேலிக்கு வெளியே வந்து நின்றிருந்தாள்.

“அவதான் வவுத்துல ஒதச்சிருப்பா. எய்திக்கோம்மா” என்றார் தாண்டவராயன்.

“எழுதிக்கறேன். அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி இன்னா? ஒண்ணியும் இல்ல.”

“கொட்டாயிக்குப் புதுசா யாரும் வரல?”

“யாரு வருவாங்க? அந்தச் செவலைதான் வந்துது. ஆடியில சந்தையில புடிச்சேன், பாதி வெலைக்கு!”

“பாதி விலைக்கு ஏன் குடுத்தாங்க?”

“எனக்குப் பேரம் பேசத் தெரியும்மா.”

எட்டுப் பசுவிடமும் ரத்தம் எடுத்துக் குழாய்களைச் சாய்த்து வைத்தார் தேவகி. அது உறைந்து மேலே தெளிநீர் பிரிய மூன்று மணி நேரமாகும். அந்த இடைவெளியில் ஒரு சாதாரண மனுஷி சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். இவர் செவலையை விற்றவரைத் தேடிப் பழையசீவரத்துக்குப் போனார். விற்ற ராணியம்மாள் ஒளிவு மறைவு தெரியாதவர்.

“ரெண்டு வாட்டி சென கலைஞ்சி பூட்ச்சி. அத்த சொன்னா எவன் வாங்குவான்?”

மாலையில் தாண்டவராயன் வீட்டு வாசலில் டைல்ஸ் வைக்கப்பட்டது. எட்டுச் சொட்டுத் தெளிநீர், ஒவ்வொன்றோடும், சினை கலைக்கிற கிருமி இருந்தால் திரித்துக் காட்டும் ரோஸ் மருந்து ஒரு சொட்டு, கலக்க எட்டுத் தீக்குச்சி. டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி டைல்ஸை மெல்ல ஆட்டினார். நாலாவது நிமிடம் செவலையின் சொட்டு, கெட்டுப்போன ரோஸ் மில்க்போலத் திரிந்தது. சினை கலைந்த மூன்றின் சொட்டுகளும் திரிந்தன. மற்ற நான்கும் வழவழவென்று அப்படியே இருந்தன.

“மருந்து கெட்டுப் பூட்டிருக்குமோ?”

“அப்ப எட்டும் திரிஞ்சிருக்கணும். நோயைச் செவலை கொண்டாந்துச்சி. செவலைய நீங்க கொண்டாந்தீங்க.”

தாண்டவராயன் டைல்ஸை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். எந்தப் பக்கமும் சாதகமாக இல்லை.

“இத்த நாளைக்கே சந்தைக்கு ஓட்டிடறேன்.”

“ஓட்டினா இன்னொரு ஊர்ல, இன்னொரு வேலிக்கு வெளிய, இன்னொரு செங்கேணி நிப்பாங்க. தனியாக் கட்டுங்க. விக்கக் கூடாது.”

அவர் நெடுநேரம் கன்னத்தைச் சொறிந்தார். “சரி. அவள வேலைக்கு வரச் சொல்லும்மா.”

“சொல்ல வேண்டியது நீங்க. அதோ நிக்கிறாங்க.”

தாண்டவராயன் வைக்கோல் போரைப் பார்த்துச் சொன்னார்: “செங்கேணி, வந்து மாட்டப் பாரு.” அந்த வீட்டிலிருந்து இதைவிட நீளமான மன்னிப்பு இதுவரை வெளியானதில்லை.

செங்கேணி நகரவில்லை. “நான் ஒதச்சேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே நைனா, இல்லேன்னு யாரு சொல்றது?”

“நானேதான் சொல்லணுமா?”

“பின்ன, செவலையா சொல்லும்?”

“மில்லுல சொல்லிடறேன். ஊருக்குப் போயிடும்” என்றார், தோற்ற குரலில்.

செங்கேணிக்கு இரண்டு மாதமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்பதை அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு டாக்டரம்மா காலையிலேயே கறந்திருந்தார். கலைந்து விழுந்ததையெல்லாம் வெறும் கையால் அள்ளிப் போட்டவள் அவள்தான். மாட்டிடமிருந்து மனுஷருக்கும் தாவுகிற நோய் இது. காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிய சீட்டு அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

“காலைல மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி போறேம்மா. இப்ப இத்தத் தனியாக் கட்டிட்டு” என்றபடி கொட்டகைக்குள் நுழைந்து, செவலையின் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தாள்.

“அதுக்கு முன்னாடி” என்றார் தேவகி.

மொபெட்டுக்குப் போய் ஹேண்டில்பாரிலிருந்து அந்த ஒரே ஜோடியை அவிழ்த்து வந்தார். செங்கேணியின் வளையல்களை மேலே ஒதுக்கி, முதலில் வலது கை, பிறகு இடது கை என்று தாமே மாட்டி, தோள்வரை இழுத்துவிட்டார்.