தளம் போட்ட அன்று வந்த கலவை மெஷின்

அன்பர்களே, உங்கள் முன்னால் நின்று பேச எனக்கு வாய்த்ததே வடலூர் ஜோதியின் கருணைதான். ஆனால் நான் சொல்லப்போவது முழுக்க இனிப்பான கதை இல்லை.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் சின்ன காண்ட்ராக்டர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட எங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. நான் கொத்தனாரானேன். பெரிய வேலையெல்லாம் வெளியூர் கம்பெனிகளுக்குப் போய்விடும். மிச்சம் மீதிக்கு உள்ளூர்க்காரர்கள் நாங்கள் அடித்துக்கொள்வோம். பல வருஷம் மற்றவர்கள் எடுத்த வேலையை அவர்கள் பெயரில் நான் கட்டினேன். 2016 சித்திரையில்தான் என் பெயரில் முதல் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம்.

அது பலருக்குப் பொறுக்கவில்லை. "கொத்தனாரு காண்ட்ராக்டர் ஆயிட்டாருப்பா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். தளம் போடும் நாளில் ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது இங்கே வழக்கம். நான் வடலூர் வழியில் நிற்பவன், உயிர்க்கொலை கூடாது என்று சாம்பார் சாதம்தான் போட்டேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

அன்று பாதித் தளம் போட்டிருந்தோம். வாடகைக்கு எடுத்த கலவை மெஷின் நின்றுவிட்டது. கியர் உடைந்துபோச்சு. சித்திரை வெயில் வேறு. தளத்தை ஒரே மூச்சில் போட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் சேர்த்தால் அந்த இடத்தில் ஒழுகும். ஒழுகினால் இன்ஜினியர் வேலையைத் தள்ளிவிடுவார். அதோடு என் பெயர் போச்சு, இனி டெண்டரும் இல்லை.

மெஷின் வைத்திருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். எல்லோரும் ரொம்ப அன்பாகத்தான் கைவிரித்தார்கள். கடைசியில் காண்ட்ராக்டர் தண்டபாணி வீட்டுக்கு ஓடினேன். அவர் வேலைகளைத்தான் நான் அதிகம் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

"மெஷின் வெளிய போயிருக்குதே தம்பி. இருந்தா குடுக்கமாட்டனா?" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மெஷின் நின்றது. அதன் மேல் கோழி உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி செல்வி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் சித்தாளாகக் கலவை சுமந்தவர் அவர்.

திரும்பி வந்து மணல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வடலூர் திசையைப் பார்த்து, "ஆண்டவரே, ஒரு உயிரையும் நான் வதைத்ததில்லை. என்னை மட்டும் ஏன் இப்படி வதைக்கிறீர்?" என்று கேட்டேன். அது பிரார்த்தனையா சண்டையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆட்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் கட்டி இழுத்து வந்தது தண்டபாணியின் மெஷின். டிரைவர் பக்கத்தில் செல்வி.

"அவரு பண்ருட்டிக்குப் போயிட்டாரு. சீக்கிரம் ஆவட்டுங்க. நானும் சட்டி தூக்கினவதான். தளம் நின்னா என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது. அந்த வருஷ மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்புறம் வேலைகள் வந்தன. வடலூரில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தேன். மெஷின் வந்ததை எல்லோரும் அற்புதம் என்றார்கள்.

ஆனால் தளம் போட்ட அடுத்த மாதப் பூசத்தன்றே செல்வியைப் பார்த்திருந்தேன். கையில் மாவுக்கட்டு. "வழுக்கி வுழுந்துட்டேங்க" என்றார். நானும் என் மனைவியும் தண்டபாணியிடம் கேட்கப் போனோம். "என் மெஷினு, என் வூட்டுப் பொம்பள" என்று கதவைச் சாத்தினார். செல்வி இப்போது காடாம்புலியூரில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். முந்திரி உடைத்துப் பிழைக்கிறார். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. என் மனைவி மட்டும் போய்ப் பார்த்து வருகிறாள். எறும்புக்கும் இரங்குகிற நம்மில் வேறு யார் போனோம்?

இப்போது எனக்குச் சொந்த மெஷின் இருக்கிறது. தளம் போடும் நாளில் யார் கேட்டாலும் இல்லை என்பதில்லை. போன ஐப்பசியில் தண்டபாணியே கேட்டார். கொடுத்தேன். மனசாரக் கொடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

அன்பர்களே, எல்லா வழியும் அடைபட்டு நிற்கும்போது கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். ஜோதி கைவிடாது, நான் கண்டேன். இதை இங்கே சொல்லலாமா என்று செல்வியிடமே கேட்கத்தான் நானும் முதல்முறையாகப் போனேன். முந்திரிக்கொட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"தாராளமா சொல்லுங்க. ஆனா ஆண்டவர் மெஷின் அனுப்பினாருன்னு மொட்டையா சொல்லாதீங்க. டிராக்டர்ல நான்தான் குந்திகினு வந்தேன்."