அக்காவும் ஒண்ணுதான்

சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பது அக்காவின் வேலை. ஒரு சட்டைக்கு ஏழு துளை என்றால் ஏழும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று நூலளவு கூடினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அப்படிப்பட்டவளுக்கே தம்பியின் கணக்கு பிடிபட வெகுநாள் ஆனது, ஏனென்றால் அவன் போட்டது நிம்மதிக் கணக்கு. ஒரு காரியத்தால் எத்தனை பேருக்கு நிம்மதி, எத்தனை பேருக்குத் தொல்லை, கழித்தால் மிச்சம் என்ன? மிச்சம் இருந்தால் செய்வான். இல்லாவிட்டால் கடவுளே வந்து சொன்னாலும் செய்யமாட்டான்.

பன்னிரண்டு வயதிலேயே ஆரம்பித்துவிட்டான். வீட்டில் ஐந்து பேர், குளியலறை ஒன்று. ஒருநாள் காலையில் கடிகாரத்தோடு வந்து கதவருகே நின்றுகொண்டான். சீக்கிரம் குளிப்பவருக்கு முதலிடம், நேரம் எடுப்பவருக்குக் கடைசி இடம். அப்போதுதான் எல்லாரும் காத்திருக்கும் நேரம் மொத்தத்தில் குறையுமாம். சித்தப்பா பாட்டுப் பாடிக்கொண்டு நாற்பது நிமிடம் குளிப்பவர். இரண்டு நாள் கடைசியில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"பாத்தியாக்கா? இப்ப நம்ம வீட்ல எல்லாருக்கும் நிம்மதி."

"ஏன்டா, பக்கத்து வீட்டுக்காரங்க மனுஷங்க இல்லையா?" என்று அக்கா பேச்சுவாக்கில் கேட்டாள்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடிகாரத்தோடு பக்கத்து வீட்டுக் குளியலறை வாசலில் நின்றான். அப்பா போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தார். "ஒரு காது வலி, ரெண்டு வீட்டுக்கு நிம்மதி. பரவால்ல," என்று காதைத் தடவிக்கொண்டே சொன்னான். இதை அக்கா, நூல் வாங்கப் போகும் கடை வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

பெரியவனானதும் ஒரு கல்லூரி மண்டபத்தில் மைக் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஒருநாள் பேராசிரியர் ஒருவர், அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே அறம் என்று பேசினார். நாம் சொல்வதை இவ்வளவு படித்தவரும் சொல்கிறாரே என்று தம்பிக்குப் புல்லரித்தது. பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. நாற்பது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி எண்ணிப் பார்த்தான், மைக்கை அணைத்தான். நாற்பது பேருக்கு நிம்மதி, ஒருவருக்கு வருத்தம். அந்த ஒருவர் போட்ட சத்தத்தில் அன்றைக்கே வேலை போனது.

அடுத்து ஆறு மாதம் சும்மா இருந்தபின் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. பழைய லிஃப்ட். மடக்குக் கம்பிக் கதவு, உள்ளே ஒரு முக்காலி. முதல் ஆறு மாதம் சோதனை, தேறினால்தான் நிரந்தரம். "டேய், இங்கயாவது வாயையும் கையையும் கட்டிட்டு இரு," என்று அக்கா கெஞ்சி அனுப்பினாள்.

அவனா இருப்பான்? அந்தக் கம்பிக் கதவு நிற்கும் இடத்திலெல்லாம் சிக்கிக்கொண்டு ஒரு நிமிடம் தின்றது. ஒருவர் இறங்குவதற்காக ஏழு பேர் ஆளுக்கொரு நிமிடம் இழப்பதா? கூட்டம் எங்கே போகிறதோ அங்கே முதலில் போவான். தனி ஆளைத் திரும்பும் வழியில் இறக்கிவிடுவான். மூன்றாம் மாடியில் பல் மருத்துவர் இருந்ததால் வலிக்கும் மதிப்பெண் வைத்தான். "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுத்தான் கதவைச் சாத்துவான். நான்காம் மாடி காப்பீட்டு ஆபீஸ்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். தம்பி டார்ச் லைட் வாங்கினான். "வாயத் திறங்க சார்," என்று ஒருவரைப் பார்த்தபோது பொய்யாக முனகியவருக்கு உண்மையிலேயே இரண்டு சொத்தை இருந்தது. கையோடு மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டான்.

ஆறு மாதம் முடிகிற நாளில் அக்காவுக்குக் கடைவாய்ப்பல் வலி கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால் வலிப்பதே பல்தான். கன்னம் பன் ரொட்டி போல வீங்க, தம்பியின் லிஃப்டில் வந்து ஏறினாள். உள்ளே ஆறு பிள்ளைகள் தட்டச்சுத் தேர்வுக்காக ஆறாம் மாடிக்குப் போக நின்றார்கள். பத்து மணிக்கு அங்கே கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது. கடைசியாக, இரண்டாம் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த கட்டட மேனேஜர் ஏறினார். தம்பியை நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர் கையில் இருந்தது.

"பத்துக்கு எத்தனைக்கா?"

அக்கா ஒன்பது விரலைக் காட்டினாள்.

தம்பி கண்ணை மூடினான், உதடு அசைந்தது. கைப்பிடியைத் திருகினான். இரண்டாம் மாடி போனது, மூன்றாம் மாடியும் போனது.

"ஏம்ப்பா! நான் மேனேஜர்ப்பா!"

"தெரியும் சார். நீங்க ஒண்ணு. புள்ளைங்க ஆறு."

"இந்தம்மா வலியில துடிக்கிறாங்க. உன் அக்காதானே?"

"சொந்த அக்காதான் சார். அவங்களும் ஒண்ணுதான்."

ஆறாம் மாடியில் பிள்ளைகள் ஓடினார்கள், அவர்களுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது. திரும்பி வந்து மூன்றாம் மாடியில் கதவைத் திறந்ததும் மேனேஜரும் அக்காவோடு இறங்கினார். மருத்துவரின் வாசலில் தொங்கிய லிஃப்ட் புகார்ப் புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தம்பின்னு பாக்காதீங்கம்மா. நடந்ததை எழுதுங்க. ஒரு புகார் போதும், நான் பாத்துக்கறேன்."

அக்கா பேனாவை வாங்கினாள். கோபம் இல்லாமலா? தாய்க்குத் தாயாக வளர்த்தவள். ஒன்பது விரல் காட்டியும் ஊரார் வரிசையில் தன்னையும் நிறுத்திவிட்டானே என்று மனம் கொதித்தது. நாலு வார்த்தை நறுக்கென்று எழுதத்தான் கை போனது. ஆனால் நூலளவு கூடினாலும் பிரித்துத் தைக்கிற கை அது. அளவு தப்பி எழுத வரவில்லை.

எழுதினாள்: "மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஆறாம் மாடிக்குப் போய்த் திரும்பினேன். தாமதம் நாலு நிமிடம். வலி பத்துக்கு ஒன்பது. நடுவில் நின்றிருந்தால் ஆறு பிள்ளைகளின் தேர்வு போயிருக்கும். லிஃப்ட்காரர் செய்தது சரி. எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. பின்குறிப்பு: கீழிருந்து இரண்டாம் மாடிக்கு இருபத்தெட்டே படிகள். மேனேஜர் ஐயாவின் கால் நன்றாகத்தான் இருக்கிறது."

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். தன் காலை ஒரு தடவை பார்த்தார். படியில் இறங்கிப் போனார். அக்காவுக்கு வலி போய்ப் பயம் வந்தது. பின்குறிப்பு கொஞ்சம் நீளமாகிவிட்டதோ?

பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வைத்து வெளியே உட்காரவைத்தார்கள். தம்பி ஒரு காகிதத்தோடு படியேறி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா! நிரந்தரம் பண்ணிட்டார்! 'உன்னால எனக்கு ஒருத்தனுக்குத்தான்யா தலைவலி, அதுவும் ஒண்ணுதானே'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இனிமே ரெண்டாம் மாடிக்கு லிஃப்டே நிக்காதாம். எல்லாரும் படிதான், அவரும்தான்!"

அக்கா சிரிக்கப் பார்த்தாள். வாய் பாதிதான் வந்தது, கண்ணில் நீர் வந்தது. அதைப் பார்த்ததும் தம்பியின் குதியாட்டம் நின்றது. காகிதத்தை மடித்தான், பக்கத்தில் உட்கார்ந்தான், அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கீழே லிஃப்ட் மணி அடித்தது. மறுபடி அடித்தது.

அக்கா கீழே கையைக் காட்டி, போ என்றாள்.

"ஏழு பேர் நிக்கிறாங்க, பாத்துட்டுதான் வந்தேன். நிக்கட்டும்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம், ஏழு பேர், பதினாலு நிமிடம். விரலால் எண்ணியும் காட்டினாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு இன்னொரு நிமிடம் உட்கார்ந்தான். பிறகுதான் எழுந்து போனான்.

கம்பிக் கதவு வழியாகக் கீழே நடந்த சண்டை மூன்றாம் மாடி வரை தெளிவாகக் கேட்டது.

"எங்கய்யா போன? எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"எங்கக்காவுக்குப் பல்வலி சார்."

கூட்டத்தில் ஒருவர் காப்பீட்டு ஆபீஸ்காரர் போலிருக்கிறது. விடவில்லை. "பத்துக்கு எத்தனை?"

"இருபது," என்றான் தம்பி. கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.