பெட்டிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அன்று அப்பா செய்த முதல் காரியம், அதை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டதுதான். அம்மா செய்த முதல் காரியம், அதற்குப் பொட்டு வைத்தது. இந்த இரண்டில் எது வீட்டில் அதிக ரகளையைக் கிளப்பியது என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு சீனரின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த சமயம். அதுவரை சமூக நிலையத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் தலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடுக்கில் எட்டிப் பார்ப்பதுதான் எங்களுக்குத் தொலைக்காட்சி. அப்படிப்பட்ட பெட்டி ஒன்று எங்கள் வீட்டு மாடிப்படியிலேயே ஏறி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் யாரிடமெல்லாம் எப்படியெல்லாம் சொல்வது என்று யோசித்து யோசித்து, முதல் நாள் ராத்திரியிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு ஆட்கள் தூக்கி வந்து கூடத்துச் சுவரோரம் வைத்தார்கள். மெல்லிய நான்கு கால்கள், தேக்கு நிறப் பெட்டி, நடுவில் சற்றே உப்பிய சாம்பல் நிறக் கண்ணாடி. அவர்கள் படியிறங்குவதற்குள் அம்மா சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் தையல் மிஷின், மின்விசிறி, அப்பாவின் சைக்கிள் எதுவுமே பொட்டு வைக்காமல் வேலை தொடங்கியது கிடையாது. பெட்டியின் தலையில் திருநீற்றுப் பட்டை போட்டாள். முன்னால் இருந்த திருகுகள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தாள். கடைசியாகக் கண்ணாடியின் மேல்பக்கம், நட்டநடுவில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

“கண்ணாடியில வைக்காதே, படம் மறைக்கும்” என்றார் அப்பா.

“மொகத்துல வைக்காம, பின்ன முதுகுலயா வைப்பாங்க?” என்றாள் அம்மா.

 அப்பா துறைமுகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார், அம்மாவிடம் மட்டும் அடங்கிப் போய்விடுவார்.

பெட்டியைப் போட்டதும் முதலில் சத்தம்தான் வந்தது. ஆனால் திருகில் வைத்த சந்தனம் இடுக்குக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. திருகினால் ஒன்று குரல் கிணற்றுக்குள் போகும், இல்லையென்றால் தெருமுனைக்குக் கேட்கும். நடுவில் எதுவும் கிடையாது. அப்பா ஒரு பல்குச்சியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து சந்தனத்தைச் சுரண்டினார். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்தது படம். செய்தி வாசிப்பவர் தெரிந்தார், ஆனால் நிற்க மாட்டேன் என்றார். மேலே ஓடிக்கொண்டே இருந்தார். தலை மேலே போய் மறைவதற்குள் கீழேயிருந்து அதே தலை மறுபடியும் வந்தது. முன்பக்கத் திருகுகளையெல்லாம் அப்பா திருகிப் பார்த்தார். ஒன்றைத் திருகினால் அந்த மனிதர் வெளிச்சத்தில் கரைந்து போனார், இன்னொன்றைத் திருகினால் இருட்டில் மூழ்கினார். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துவிட்டு, அதற்கான திருகுகள் பின்னால் இருக்கின்றன என்று கண்டுபிடித்தார். பெட்டியை நகர்த்தினால் ஏரியல் கம்பி கழன்றுகொள்ளும். நகர்த்தாவிட்டால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அப்பாவின் கை நுழையாது. நுழைத்துப் பார்த்து, முழங்கையில் மாட்டிக்கொண்டு, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அவரை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று.

இப்படியாக, யாரும் தொடக்கூடாது என்ற சட்டம் ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. வீட்டிலேயே சின்னக் கை என்னுடையது.

“கைய உள்ள விடு. மெதுவா லா, மெதுவா! மேல உள்ளத திருகு. ஆங்... நிக்குது, நிக்குது... ஐயோ, போச்சு!” என்று முன்னால் நின்று கத்தினார் அப்பா.

கன்னத்தைப் பெட்டியின் மரத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து வரும் சூட்டையும் தூசி வேகும் வாசனையையும் முகர்ந்துகொண்டு நான் திருகினேன். படம் நின்றபோது கூடத்தில் எழுந்த கூச்சலை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பின்னால் இருந்த இரண்டு திருகுகளில் ஒன்று படத்தை நிறுத்தும், மற்றது முகத்தை நீட்டும், குறுக்கும். இரண்டே நாளில் அவை எனக்கு அத்துப்படி. கையைப் பின்னால் வைத்துக்கொண்டே தலையை மட்டும் முன்னால் நீட்டிப் படத்தைப் பார்க்கவும் பழகிக்கொண்டேன்.

அப்படி ஒரு நாள் நீட்டியபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. சீனச் செய்தி வாசிப்பவரின் முகம் மெல்ல நீண்டு, அவருடைய நெற்றி மேலே மேலே ஏறி, சரியாக அம்மா வைத்த பொட்டுக்கு நேராக வந்து நின்றது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது மட்டும் சிவப்பு. கீழ்க்கடைக்காரர் தினமும் தன் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு படம் பார்க்க வருவார். அவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “சந்தேக் லா!” என்றார். மலாய் மொழியில் அழகு என்று அர்த்தம்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. மலாய்ப் பாடகி, வெள்ளைக்காரக் குதிரை வீரன், நேரம் கிடைத்தால் அவனுடைய குதிரை, எல்லாருக்கும் பொட்டு வைத்தேன். “இப்பதான் லட்சணமா இருக்கு” என்பாள் அம்மா. வெள்ளிக்கிழமை தோறும் பழைய பொட்டைத் துடைத்து, அதே இடத்தில் புதிதாக வைப்பாள். எனக்காகவே இடம் மாறாமல் வைத்தாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத முகம் அத்தையுடையது மட்டும்தான். அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆன மறு வருஷமே மாமா இறந்துபோக, எங்களோடு வந்துவிட்டாள். அப்போது நான் கைக்குழந்தை. அதனால் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலே அத்தை வெறும் நெற்றியோடுதான் இருந்தாள். சிலருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது அல்லவா, அப்படி அத்தைக்குப் பொட்டு பிடிக்காது என்று எண்ணியிருந்தேன். கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

ஆனால் அத்தை பாடுவாள். அரிசி களையும்போது, துணி மடிக்கும்போது, அவளையறியாமலே பாட்டு வந்துவிடும். கோயிலில் அவள் பாடியதைக் கேட்ட அப்பாவின் நண்பர் ஒருவர், தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்ப்பவர், தமிழ் நிகழ்ச்சியில் பாட வைக்கலாமா என்று கேட்டார். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே குதித்துக் குதித்து ஓடினேன். அப்பா மட்டும் “யோசிக்கலாம்” என்றார்.

யோசிப்பதற்குள் பெரியத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் அக்கா. புக்கிட் மேராவிலிருந்து பஸ் ஏறி, எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அது கூடாது என்று சொல்வதற்காகவே வருபவள். “ஊரே பாக்குற பெட்டியில இவ போயி நிக்கணுமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்றாள்.

“வீட்டுல பாடுறவ அங்க போயும் பாடட்டுமே” என்றாள் அம்மா.

 அன்று ராத்திரி பாயில் என் பக்கத்தில் படுத்திருந்தபோது அத்தை மெதுவாகச் சொன்னாள். “பாடுறப்ப என் மொகம் எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்டி. வேற ஒண்ணுமில்ல.” நான் விடிந்ததும் அதை அப்படியே அப்பாவிடம் போட்டு உடைத்தேன். அப்பா நண்பரிடம் சரி என்று சொல்லிவிட்டு, நிலையத்துக்குப் போக டாக்சிக்கும் சொல்லிவிட்டார்.

முன்கூட்டியே பாட வைத்துப் பதிவு செய்தார்கள். அம்மாதான் துணைக்குப் போனாள். திரும்பி வந்து, விளக்குகள் எப்படிச் சுட்டன, முகத்தில் எப்படிப் பவுடரைப் பூசினார்கள் என்றெல்லாம் கதை கதையாகச் சொன்னாள். ஒப்பனை செய்த மலாய்க்காரப் பெண், தமிழ்ப் பெண் என்றதும் தானாகவே பொட்டு வைக்க வந்தாளாம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.  எனக்குப் பவுடர் விஷயம்தான் சுவாரசியமாக இருந்தது.

நிகழ்ச்சி வரும் சனிக்கிழமை சாயங்காலம் வீடு கல்யாண வீடாகிவிட்டது. கீழ்க்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு முக்காலியோடு வந்தார். பெரியத்தை கூடாது என்று சொன்ன நிகழ்ச்சியைப் பார்க்க நல்ல புடவையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அத்தை மட்டும் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

 அத்தை பாடுவது ஒரே ஒரு பாட்டு. அதை ஒரு தடவைதான் காட்டுவார்கள். அந்தச் சமயம் பார்த்துப் படம் ஓடினால் அத்தை தன் முகத்தைப் பார்க்கவே முடியாது. நான் மதியத்திலிருந்தே கையைப் பின்னால் விட்டு விட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிவிப்பாளர் அத்தையின் பெயரைச் சொன்னார். எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினோம். வீணையும் மிருதங்கமும் தொடங்கின. அத்தையின் முகம் வந்தது. வந்த வேகத்தில் மேலே ஓடத் தொடங்கியது.

“புடி, புடி!” என்று அலறினார் அப்பா.

நான் பாய்ந்தேன். கன்னம் மரத்தில் மோதியது. மேல் திருகைக் கொஞ்சம், இன்னும் ஒரு மயிரிழை... நின்றது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். அத்தையின் குரல், அரிசி களையும்போது வரும் அதே குரல், கூடம் முழுக்க நிறைந்தது. தலையை நீட்டிப் பார்த்தேன். அத்தை திரையில் எவ்வளவு அழகாக இருந்தாள்! ஆனால் முகம் சற்றுக் குறுகியிருந்தது. பொட்டு நெற்றிக்கு மேலே, எங்கோ தலைமுடிக்குப் பக்கத்தில் நின்றது. இத்தனை பேருக்குச் சரியாக வைத்த எனக்கு, சொந்த அத்தைக்கு வைக்கத் தெரியாதா? கீழ்த் திருகைப் பிடித்தேன். முகம் மெல்ல நீண்டது. நெற்றி ஏறி வந்து, சிவப்புப் பொட்டு இரு புருவங்களுக்கும் நடுவில் அம்சமாகப் போய் உட்கார்ந்தது.

கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். யாரும் தட்டவில்லை.  கீழ்க்கடைக்காரர் மட்டும் வழக்கம்போல “சந்தேக்” என்று ஆரம்பித்து, மற்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“அடக் கண்றாவியே! அதத் தொடைங்க மொதல்ல!” என்று பெரியத்தை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அப்பா அவளுக்கு முன்னால் கையை நீட்டினார். அவர் குரல் எப்போதும் இல்லாத விதமாக இருந்தது. “உக்காருங்கக்கா. தொட்டா படம் அசைஞ்சிடும்.”

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரியும். பெரியத்தைக்கு இந்தச் சின்ன விஷயம்கூடப் புரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்பா என் பக்கம் திரும்பினார். “கைய எடுக்காதம்மா. பாட்டு முடியுற வரைக்கும் அப்படியே புடிச்சுக்க.”

பிடித்துக்கொண்டேன். சூட்டில் விரல் எரிந்தது, தோள் கடுத்தது, விடவில்லை. எப்போது வந்தாளோ, அத்தை சமையலறை வாசலை விட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெகு அருகில், படத்தின் வெளிச்சம் முகத்தில் விழ, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த அத்தை மேல் ஸ்தாயிக்குப் போனபோது, வெளியே இருந்த அத்தையின் உதடுகளும் அசைந்தன.

பாட்டு முடிந்தது. அடுத்து யாரோ ஒரு ஆண் வந்து பேசத் தொடங்கினார். அம்மா அத்தையின் தோளைத் தொட்டாள். அத்தை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். எல்லாருக்கும் தேநீர் போடப் போகிறாள் என்று நினைத்து, பாராட்டு வாங்கிக்கொள்ள நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தை அடுப்பைப் பற்ற வைத்திருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் சிவந்துபோயிருந்த என் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கை ஈரமானது.

அத்தையின் மேல் எனக்கு ஒரு குறை இருந்தது. அதைச் சொல்ல இதுதான் சமயம் என்று தோன்றியது.

“அடுத்த தடவ பாடுறப்ப தலைய ஆட்டாதீங்க அத்தை. எவ்வளவு கஷ்டப்பட்டு வச்சேன் தெரியுமா? நீங்க ஆட்டி ஆட்டி, பொட்டு நகந்து நகந்து போச்சு.”

அத்தை சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், துடைக்கத் துடைக்கச் சிரித்தாள். “ஆட்டிட்டேன்டி, தங்கம். இனிமே ஆட்டவே மாட்டேன்” என்றாள்.

தன் தவற்றை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே என்று எனக்குப் பரம திருப்தி. படம் மறுபடி ஓடிவிடப் போகிறதே என்று கூடத்துக்கு ஓடினேன்.