வடை சுடாத காலை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வெளியே ஆறு பாகை, தூறல். தேநீர், இரண்டு துண்டு பாண், வழக்கமான ரயில். ஜேர்மனியின் எசன் நகரத்து டிராம் சாரதிகளுக்கு வேலைநேர அட்டவணை போடுவது என் தொழில். அன்று இரண்டு பேர் சுகவீன லீவு அறிவித்திருந்தார்கள். அவர்களுடைய ஓட்டங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து முடியப் பத்து மணியாகிவிட்டது. மதியம் புட்டும் முதல்நாள் மீன்குழம்பும் சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது கைபேசி அதிர்ந்தது.

"பிள்ளை, மூண்டு தந்திருக்கினம்," என்றார் அக்கா.

நான் ஈரக்கையோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று என்பது பராமரிப்புத் தரம். ஒருவருக்கு அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு உதவி தேவை என்பதை இங்கே ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் போட்டுச் சொல்வார்கள். அக்காவின் கணவருக்கு, நான் அண்ணை என்று கூப்பிடுகிறவருக்கு, பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது வருடம். அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டுவது, காலுறை போடுவது, இரவில் கட்டிலில் புரட்டிவிடுவது எல்லாம் அக்காவின் கைகள்தான். அக்காவுக்கோ வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசின. சத்திரசிகிச்சைக்கு இரண்டு முறை திகதி கொடுத்தார்கள், இரண்டு முறையும் அக்கா மறித்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை; ஒரே மகன் கனடாவில். குறைந்தது தரம் இரண்டு கிடைத்தால் அண்ணையைச் சில கிழமைகளுக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடலாம், அக்கா காலைச் சரிப்படுத்தலாம். கிடைக்காவிட்டால் முழங்கால் அப்படியே போகவேண்டியதுதான்.

பார்க்கின்சன் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக எங்களிடம் ஒரு சின்னச் சங்கம் இருக்கிறது. அக்காவும் அண்ணையும் அதன் வழியாகத்தான் எனக்குப் பழக்கம். நிர்வாகத்தில் மூன்று பேர், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. நான் செயலாளர். தலைவர் இரும்பு ஆலையில் வெல்டிங் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருக்கே இந்த நோய் உண்டு. தேநீரை அரைக்கோப்பைக்கு மேல் வாங்கமாட்டார். மீதி அரைக்கோப்பை கை ஆடுவதற்கு என்பார்.

அண்ணையின் விண்ணப்பம் முதல்முறை நிராகரிக்கப்பட்டபோது, அந்தக் கடிதத்தைத் தலைவர் தன் குசினி மேசையில் வைத்து உரத்து வாசித்தார். தனியாக உடுத்துகிறார். தனியாக நடக்கிறார். விருந்தினரை வாசலில் வந்து வரவேற்றார்.

"ஐசே, உமக்கு நோயே இல்லையாம்," என்றார் அண்ணையைப் பார்த்து. "நீர் போடுற மருந்து எது எண்டு எனக்கும் சொல்லும்."

என்ன நடந்தது என்று அக்கா சொன்னார். தரம் போட மதிப்பீட்டாளர் வருகிறார் என்றதும் வீட்டை இரண்டு நாள் துடைத்திருக்கிறார். விடிய எழும்பி உளுந்து அரைத்து வடை சுட்டிருக்கிறார். அண்ணைக்குச் சவரம் செய்து, ஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பொத்தான்களைத் தானே பூட்டி, முன்னறையில் இருத்தியிருக்கிறார். மணி அடித்ததும் அண்ணை எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கிறார். எதைக் கேட்டாலும் ஜேர்மனில் பிரச்சினை இல்லை என்றிருக்கிறார். உடுத்த முடியுமா? கைன் புரோப்ளேம். குளிக்க முடியுமா? கைன் புரோப்ளேம். வந்தவர் வடையும் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போயிருக்கிறார்.

"வீட்டுக்கு வந்த ஆளிட்டை நோய் வருத்தத்தைச் சொல்லி அழுறதே?" என்றார் அக்கா.

"அவன் விருந்துக்கு வரேல்லை அக்கா. வருத்தத்தைப் பாக்கத்தான் வந்தவன்," என்றேன்.

எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்யும் பிழை இது. யாராவது வந்தால் நல்லாய் இருக்கிறோம் என்று காட்டவேண்டும். அது எங்கள் கையில் காலில் ஊறிப்போன பழக்கம். மறுப்பு மனுவை நான் எழுதினேன். இரண்டாவது வருகைக்குத் திகதி வந்ததும் தலைவர் வீட்டில் ஒத்திகை வைத்தோம். தலைவர் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு மதிப்பீட்டாளராக உட்கார்ந்தார்.

"உமக்குத் தனியக் காலுறை போட ஏலுமோ?"

"ஓம், ஏலும்," என்றார் அண்ணை.

"ஐசே, இண்டைக்குக் காலமை ஆர் போட்டுவிட்டது?"

"இவதான்."

"அப்ப ஏலுமோ?"

"கொஞ்சம் பொறுத்தால் ஏலும்."

"எவ்வளவு பொறுக்கிறது? தேர்த் திருவிழா வரைக்குமோ?"

நாலு கிழமை இப்படிப் போனது. அக்காவுக்கு நான் சொன்ன விதிகள் குறைவு. வடை வேண்டாம். வழக்கமான நாளில் வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். மருந்து வழக்கமான நேரத்தில். சட்டைப் பொத்தானைத் தொடக்கூடாது. அண்ணை எதைச் செய்யத் தொடங்கினாலும் கை கொடுக்கக்கூடாது. கடைசி விதிதான் அவருக்குப் பெரிய கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வருகையன்று காலையில் நானும் பக்கத்தில் இருந்தேன். மணி அடித்தது. அண்ணை கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். இந்த முறை வந்தவர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், பொறுமையான குரல். அக்கா தண்ணீர்கூடக் கொடுக்காமல் சோபாவின் நுனியில் தவித்துக்கொண்டு இருந்தார்.

"தனியாக உடுத்துவீர்களா?"

அண்ணை அந்தப் பெண்ணைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "யா," ஓம் என்றார்.

நாலு கிழமை ஒத்திகையும் போயிற்று என்று நினைத்தேன். அப்போது அக்கா, "நைன்," இல்லை என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தும் மற்றவர்கள் முன்னால் ஜேர்மன் பேசக் கூச்சப்படுகிறவர். கணவரின் பேச்சை வெளியாட்களின் முன்னால் அவர் மறுத்து நான் கண்டதே இல்லை.

அண்ணைக்குக் கோபம் வந்தது. ஏலும் என்று காட்டத் தன் திறந்த சட்டையின் ஓரத்தைப் பிடித்தார். முதல் பொத்தான் விரல்களுக்குள் அகப்பட்டு நழுவியது. மறுபடி பிடித்தார். நழுவியது. மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் தன் தொடைகளின் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். ஒரு பொத்தான் கடைசியில் பூட்டுப்பட்டது, தவறான துளையில். அண்ணை அதைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஏலாது," என்றார். பிறகு அதையே ஜேர்மனில், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கட்டிலில் புரள முடியாதது, கழிப்பறை வாசலில் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்வது, சோறு வாய்க்குப் போகமுன் மடியில் கொட்டுவது, எல்லாம் வந்தது. மதிப்பீட்டாளர் இரண்டு தரம், "கொஞ்சம் மெதுவாக," என்று கேட்கவேண்டியிருந்தது. அவர் போனதும் அண்ணை முகம் சிவந்து, ஓட்டப்பந்தயம் ஓடியவரைப்போல மூச்சுவாங்கினார். "எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்," என்றார். சிரித்தார். அவர் பல்லுத் தெரியச் சிரித்து வெகுகாலம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது அதற்கான பதில்தான். மாலையில் தலைவரின் மகள் வேலை முடிந்து அவரைக் காரில் கொண்டுவந்து விட்டாள். நாலு பேரும் அக்காவின் மேசையைச் சுற்றி இருந்தோம். தலைவர் கடிதத்தை மறுபடி வாசித்தார், இந்த முறை எழுந்து நின்று. கை ஆடியதில் கடிதமும் படபடத்தது.

"அப்ப அக்கா, நாளைக்கே வைத்தியசாலைக்குப் போன் அடிச்சுச் சத்திரசிகிச்சைக்கு டெர்மின் எடுப்பம்," என்றேன்.

அக்கா மேசை விரிப்பைத் தடவினார். "பிறகு பாப்பம் பிள்ளை. இவரை அங்க விட்டிட்டு நான் எப்பிடி? அவையளுக்கு இவரின்ர கதை விளங்குமே? சத்தமும் வராது. சோறும் இருக்காது."

தலைவர் வாயைத் திறந்தார். நான் அவருடைய முழங்கையைத் தொட்டேன். அண்ணை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் குனிந்தோம்.

"அண்டைக்கு நீர் என்ர கையைப் பிடிக்கேல்லை," என்றார் அக்காவிடம். "பிடிச்சிருந்தால் இது வந்திராது."

அக்கா விரிப்பைத் தடவுவதை நிறுத்தினார்.

"இப்பவும் பிடியாதையும். போய்க் காலைச் செய்யும். நான் உருளைக்கிழங்கு தின்னுறன். ஜேர்மன்காரர் அதைத் திண்டு உயிரோடதானே இருக்கினம்?"

"இருக்கினம்தான்," என்றார் தலைவர். "ஆனால் ஐசே, அவையின்ர முகத்தைப் பாத்தனீரோ?"

அக்கா சிரித்துவிட்டார். சிரித்தபடி கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து, மேசையைப் பிடித்தபடி, நொண்டிக்கொண்டு குசினிக்குப் போனார். அங்கிருந்து, "எத்தனை மணிக்குத் திறப்பினம்?" என்று கேட்டார். எட்டு மணிக்கு என்றேன்.

மார்ச் 13, புதன்கிழமை. வேலைக்கு இரண்டு மணி நேரம் பிந்தி வருவதாக முதல்நாள் இரவே அறிவித்திருந்தேன். எட்டு மணிக்கு அக்கா வீட்டில் இருந்தேன். வைத்தியசாலையின் இலக்கத்தை அழுத்திவிட்டு நான் பேசத் தயாரானேன். அக்கா கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார். காலை வணக்கம் சொன்னார், தன் பெயரைச் சொன்னார், பெயரை எழுத்தெழுத்தாகவும் சொன்னார். இரண்டு தரம் மறித்த ஆள் நான்தான், இந்த முறை வருவேன் என்றார், எல்லாம் ஜேர்மனில். மே ஆறாம் திகதி, காலை ஏழு மணி, வெறுவயிற்றோடு வரவேண்டும் என்றார்கள்.