பனி வராத நாள்

ஹல்துமுல்லையில் புடவைக்கடை புஹாரி மௌத்தானதும் அவர் மனைவி ஹம்ஸியா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் அந்த நாலரை மாதத்துக்குக் கிட்டிய காலம் முடிந்தது. ஹம்ஸியா மட்டும் வெளியே வரவில்லை.

"பொம்புளையென்டா இப்பிடி ஈக்கோணும்" என்று தெரு மெச்சியது. கல்யாண வீடுகளில் அவர் பெயரைச் சொல்லி மற்றப் பெண்களைக் குத்திக் காட்டினார்கள். மார்க்கமே கேட்காததை ஒருத்தி ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று யோசிக்க ஒருவருக்கும் நேரமில்லை. எங்கள் தெருவுக்கு வாய்தான் பெரிது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

வாசலைத் தாண்டினால் ஹம்ஸியாவுக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். வீதி அகன்றுகொண்டே போகும். இதோ விழுந்து செத்துவிடுவோம் என்று தோன்றும். உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தினால் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே கதவு சாத்தியே கிடந்தது, ஊரின் பாராட்டு அதற்குத் தாழ்ப்பாளும் போட்டது.

மூடுபனி நாட்கள் மட்டும் வேறு. பள்ளத்தாக்கிலிருந்து பனி மெல்ல ஏறிவந்து கடைகளை, மரங்களை, எதிர்வீட்டை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொள்ளும். பஸ்கள் விளக்கைப் போட்டபடி எங்கிருந்தோ வந்து எங்கோ போகும். தூரம் என்று ஒன்றே இல்லாத அந்த வெள்ளைக்குள் ஹம்ஸியா முக்காட்டை இழுத்துவிட்டு இறங்குவார். வீதியைக் கடந்து எதிர்வீட்டில் இருந்த தன் தங்கை ஷஹீலாவின் படியில் போய் நிற்பார். இத்தாக் காலம் முழுக்கத் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஷஹீலா. பனி விலகுமுன் வீடு திரும்பிவிடுவார். நடந்ததா, கனவு கண்டதா என்று அவருக்கே சந்தேகமாக இருக்குமாம்.

அது ஏதோ பயம் என்று ஷஹீலாதான் கண்டுபிடித்தாள். ஒரு வெயில் நாளில் விளையாட்டாக "வாங்க ராத்தா" என்று அக்காவை வாசலுக்கு இழுத்தபோது அந்தக் கை சில்லிட்டு வேர்த்திருந்தது. நேரே மனநலக் கிளினிக்கில் போய்ச் சொன்னாள். அங்கிருந்து டாக்டர் ஒருமுறை வந்து பார்த்து மாத்திரை கொடுத்தார். பிறகு வாராவாரம் வந்தவர் தாதி விஜயலெட்சுமி, தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்.

"இது பக்தியும் இல்லீங்க, பைத்தியமும் இல்லீங்க. வெளியில போறதுக்கு வர்ற பயம். காய்ச்ச மாதிரி இதுவும் ஒரு வருத்தந்தான், கொணமாகும்" என்றார்.

முதலில் படியில் நிற்க வைத்தார். படபடப்பு வந்தது.

"உள்ள ஓடாதீங்க. பயம் ஏறும், அப்புறம் தானா எறங்கும். எறங்குற வரைக்கும் நில்லுங்க."

நின்றார். இறங்கியது. பிறகு வெளிக் கேட், அதன்பிறகு வீதியோர விளக்குக் கம்பம். பனி நாட்களில் மட்டும் இறங்க வேண்டாம் என்றார் தாதி. "பனிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா பயம் அப்படியேதாங்க இருக்கும்." இருந்த ஒரே சுகத்தையும் பிடுங்குகிறாளே என்று ஹம்ஸியா அன்று அழுதார். கம்பத்துக்கு அப்பால் வீதியைக் கடக்க மட்டும் அவரால் முடியவே இல்லை.

ஒரு நண்பகல் எதிர்வீட்டிலிருந்து அழுகுரல் வந்தது. ஷஹீலாவின் கணவர் ஜஸீல் நெஞ்சுவலியில் போய்விட்டார். சனம் கூடியது. "ஹம்ஸியா வரமாட்டா, அவ மார்க்கப் பேணுதலான ஆள்" என்று தெரு தானே தீர்ப்பும் சொல்லிவிட்டது.

ஹம்ஸியா படியில் வந்து நின்றார். பள்ளத்தாக்கைப் பார்த்தார். அங்கே பொட்டுப் பனி இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெயில், மலைக்குப் பின் மலை. நெஞ்சு அடித்துக்கொண்டது. கம்பம் வரை வந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயம் ஏறியது, இறங்குமென்று காத்திருந்தார், இறங்கவில்லை. எதிர்வீட்டில் தங்கை மறுபடி அழுதாள். இறங்காத பயத்தோடேயே கம்பத்தை விட்டுவிட்டு நடந்தார். வாசலில் நின்ற சனம் விலகி வழிவிட்டது.

மூலையில் சுருண்டு கிடந்த ஷஹீலா தலையைத் தூக்கினாள்.

"ராத்தா, இனி நானும் இத்தா. எனக்கு ஒங்கட ஊட்டுக்கு வர ஏலாதே."

ஹம்ஸியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ உள்ளுக்கு இரி. நான் வாறேன். நாளைக்கும் வாறேன்."