இரண்டு சாம்பல் வாளிகள்

பாலவனத்தம் வீரபாண்டி பெயிண்ட் பிரஷ் பிடிக்க ஆரம்பித்து இருபத்தாறு வருஷம். அருப்புக்கோட்டையில் யார் வீடு கட்டினாலும் நிறம் பார்க்க முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வருஷமாகக் கண்ணில் புகை படர்ந்திருந்தது. புரை என்று அவருக்கே தெரியும். வேலை போய்விடுமென்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

சுபத்ரா டீச்சர் தன் புது வீட்டு ஹாலில் இரண்டு சாம்பல் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்க்கச் சொன்னார்.

"ஒண்ணுல நீலம் ஓடுது, இன்னொண்ணு செம்மண் சாயலா இருக்கு. ஹாலுக்கு எதுண்ணே நல்லாருக்கும்?"

வீரபாண்டிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. எட்ட நின்றும் கிட்டப் போயும் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இடது பக்கத்துதான் டீச்சர். மத்தத பெட்ரூமுக்கு வச்சுக்கிடலாம்."

பெயிண்ட் கடையிலிருந்து இரண்டு வாளிகளும் வந்தன. மூடியில் ஒட்டியிருந்த எண்ணோ பொடி எழுத்து. மூன்று சுவரை முடித்து, மறுநாள் நான்காவதைப் பூசினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, இந்தச் சுவரு மட்டும் வேறயா இருக்கு?"

"கடையில கலந்து குடுத்ததுல கோளாறு" என்று வீரபாண்டிக்கு வாயில் வந்துவிட்டது.

டீச்சர் கடைக்குப் போன் போட்டார். கடையில் நிறம் கலக்கும் அழகுத்தாய் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்தாள். முதலாளியிடம் ஏச்சு வாங்கிய முகம். மூடிகளின் எண்ணைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு வீரபாண்டியின் கண்களைப் பார்த்தாள். பெட்ரூம் வாளியை ஹாலில் பூசியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என் தப்புதான் டீச்சர். மூடிய மாத்திப் போட்டுட்டேன்" என்றாள்.

தன் மகள் வயசுப் பெண். அவள் வண்டியை எடுத்துப் போகும்வரை வீரபாண்டி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பாலவனத்தம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தவரைக் கண்டக்டர்தான் தட்டி இறக்கிவிட்டார்.

காலையில் நேரே கடைக்குப் போனார். "அந்தப் புள்ள மேல தப்பில்ல. எனக்குக் கண்ணு தெரியல. வாளிய மாத்தி எடுத்தது நாந்தான்" என்றார் முதலாளியிடம். அழகுத்தாய் நிமிரவில்லை, கலர் கார்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

டீச்சரிடமும் அதையே சொன்னார்.

"அப்ப அன்னைக்கு எடதுதான் நல்லாருக்குன்னு சொன்னது?"

"சும்மா சொன்னேன் டீச்சர்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுறேன். நீங்க மொதல்ல கண்ணக் காட்டுங்க" என்று மட்டும் டீச்சர் சொன்னார்.

விருதுநகரில் ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. பார்வை திரும்பிய பிறகும் டீச்சர் வீட்டுத் தெரு வழியாகப் போக வீரபாண்டிக்கு ஐந்தாறு மாசம் ஆயிற்று.