கரிசல் ஊசி

ஊசி போடுவது பெரிய வேலையே இல்லை. ஊசியை அவரவர் கையில் கொடுத்து, அவரவர் வயிற்றில் போட வைப்பதுதான் வேலை. கோவில்பட்டியில் ஒரு சின்ன சர்க்கரை கிளினிக்கில் ஆறு வருஷமாக நான் செய்யும் நர்ஸ் வேலை இதுதான். ஒரு தடவை போட்டால் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை டாக்டர் எழுதி, ஆளை என் மேஜைக்கு அனுப்புவார். “பேனா மாதிரிதான் இருக்கும், வலிக்காது” என்று நான் ஆரம்பிப்பேன்.

சர்க்கரைக்காரர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் உங்கள் கட்சிதான். மாத்திரை இனி தாங்காது, நீங்களும் ஊசிக்கு வந்துவிடுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொல்லி எட்டு மாதம் ஓடிவிட்டது. கண்ணுக்குள் லேசாகக் கசிவு தெரிகிறது என்று கண் டாக்டரும் எச்சரித்தாயிற்று. என் பேர் எழுதிய பேனா கிளினிக் ஃபிரிட்ஜில் பிரிக்காமலே கிடந்தது. ஊருக்குத்தான் உபதேசம்!

சாப்பிடாத நாள்

சுப்பையா அண்ணாச்சி எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரி. உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர், ஏறக்குறைய என் வயதுதான். ஊசி ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து வந்தார். நோட்டில் சர்க்கரை அளவு ஒரு நாள் இறங்கியும் மூன்று நாள் ஏறியும் நின்றது. கேட்டால், “காட்டு வேலையில சாப்பிட நேரமாயிட்டுன்னா அன்னைக்கு ஊசியும் போடமாட்டேன் சிஸ்டர். வெறும் வயித்துல மயக்கம் வந்துரும்லா?” என்றார்.

இது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான ஊசி இல்லை அண்ணாச்சி, சாப்பிடாவிட்டாலும் ஈரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளத்தான் இது என்றேன். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், உடம்புக்கு முடியாமல் சாப்பாடே இறங்கவில்லை என்றால் மட்டும் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து சொன்னார்: “மழை என்னைக்கோ பெஞ்சுட்டுப் போயிரும். கரிசலு ஈரத்தப் பிடிச்சு வச்சு, கொஞ்சங்கொஞ்சமா பயிருக்குக் குடுக்கும். அப்பம் இது கரிசல் ஊசின்னு சொல்லுங்க!”

கல்யாணச் சாப்பாடு

அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் ‘கரிசல் ஊசி’ என்றே சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் தன் மூளையைப் பயன்படுத்திவிட்டார். மச்சினர் மகள் கல்யாணம். பாயாசம் உண்டு என்று தெரிந்ததும், காலையிலேயே இரண்டு மடங்கு போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பந்தியில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குளறியிருக்கிறது. அவர் வீட்டம்மா சுதாரித்து, சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்ததால் பிழைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டர் அளவைச் சிறிதாக ஆரம்பித்து, காலைச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவது எதற்காம்? முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: “பாயாசம் நேத்தே கரைஞ்சு போச்சு சிஸ்டர், ஊசி மட்டும் விடிய விடிய எந்திரிக்காம உக்காந்திருக்கு!”

ஒரே இடம்

புதியம்புத்தூரில் சட்டை தைக்கும் செல்வி, வலிக்காத இடம் ஒன்றைக் கண்டுபிடித்து அதிலேயே நாலு மாதம் போட்டு வந்தாள். தொப்புளுக்கு வலப்பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கல்லு மாதிரி ஒரு வீக்கம். அதில் போட்டால் மருந்து ஒழுங்காக ஏறாது, அதனால்தான் சர்க்கரை குறையவில்லை என்றேன். அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டாள்: “ஒரே இடத்துல திருப்பித் திருப்பித் தையல் போட்டா துணி வீணாப்போகும்னு புதுசா வார பிள்ளையளுக்கு நாந்தான் சொல்லிக் குடுக்கேன்!”

அவள் போன பிறகு, ஃபிரிட்ஜில் கிடக்கும் என் பேனா ஞாபகத்துக்கு வந்து, என் முகத்தைத்தான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் பேர்

சுப்பையா அண்ணாச்சி வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. பிரித்த பேனாவை, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நனையாமல் வைத்துக்கொள்வார். பிரிக்காததை எங்களிடமே விட்டு வைப்பார். போன மாதம் அதை எடுக்க நான் ஃபிரிட்ஜைத் திறந்தபோது எட்டிப் பார்த்தவர், “இது உங்க பேருல்லா? பிரிக்கவே இல்லையே சிஸ்டர்” என்றார்.

மழுப்ப முடியவில்லை. எங்கள் அம்மா ஊசி ஆரம்பித்த ஆறாவது மாதம் கால்விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம். ஊசிதான் அம்மாவைத் தின்றது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அது தப்பு என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் பத்து வருஷம் தாமதமாகத்தான் ஊசி வந்தது. தெரிந்து என்ன? பேனாவைத் தொட்டால் அந்தக் கட்டுப் போட்ட கால்தான் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பயம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “பயிரு கருகுன பெறவு வந்த மழையப் பாத்து, மழைதான் பயிரக் கருக்கிட்டுன்னு சொல்லுவியளா?” என்று கேட்டார்.

டாக்டரிடம் போய் அளவைக் கேட்டு எழுதி வாங்கி வந்தேன். அண்ணாச்சி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பேனாவைப் பிரித்து, அளவைத் திருப்பி வைத்து, என் வயிற்றில் நானே குத்தினேன். ஊசி உள்ளே போன அடுத்த நொடி உருவப் பார்த்தேன். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார்: “அவசரப்படாதிய சிஸ்டர், பத்து எண்ணிட்டு எடுங்க.”

வலிக்காது, வலிக்காது என்று ஆறு வருஷமாக ஊருக்கெல்லாம் நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.